பவர் வீடருக்கும் ஏ.டி.வி.க்கும் ஒரே ஆயில் போதுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் மூன்று ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறேன். 7 எச்.பி. பெட்ரோல் பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கூட வந்த புத்தகத்தில் 10டபிள்யூ-30 ஆயில் என்று இருக்கிறது. மெக்கானிக் பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40ஐத்தான் ஊற்றுகிறார். டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 வேறு வீட்டில் அரை கேன் கிடக்கிறது. ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்க்கும் தம்பி, மேடுபள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டியான ஏ.டி.வி. ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆயிலாக வாங்கிவிடலாமா? வீடர் இப்போதெல்லாம் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப்புகை விடுகிறது. அதற்கு இந்த ஆயில்தான் காரணமா?

பதில்: ஒரே ஆயிலாக வாங்கலாம். ஆனால் அதைத் தம்பியின் ஏ.டி.வி.யைப் பார்த்து வாங்குங்கள், வீடரைப் பார்த்து வாங்காதீர்கள். கியர் வைத்த ஏ.டி.வி.க்குச் சரியாக இருக்கும் ஆயிலை உங்கள் வீடர் ஏற்றுக்கொள்ளும். வீடருக்குச் சரியான ஆயிலெல்லாம் ஏ.டி.வி.க்கு ஆகாது.

முதலில் எண்களைப் பார்ப்போம். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கோபியில் மார்கழிக் காலையில்கூட 10, 15, 20 மூன்றுக்கும் நமக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னால் வரும் 30, 40 தான் நம் கவலை. இன்ஜின் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதன் அளவு அது.

வீடரில் இருப்பது காற்றில் ஆறும் இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது. பார்களுக்கு (மஞ்சள் நட்ட மேட்டு வரிசைகளுக்கு) நடுவே மெதுவாக நகர்வதால் எதிர்க்காற்றும் கிடையாது. இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்களைச் செய்யும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனமே, வெளி வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினால் 10டபிள்யூ-30 கூடுதலாகச் செலவாகலாம், அளவை அடிக்கடி பாருங்கள் என்று தன் கையேடுகளில் எழுதியிருக்கிறது. நமக்கு 27 டிகிரி என்பது காலை எட்டு மணி வெயில். ஆகவே உங்கள் மெக்கானிக் 40 ஊற்றுவது தப்பில்லை. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே ஊற்றி, தினமும் அளவு பாருங்கள்.

அடுத்து கேனின் பின்பக்கத்து எழுத்துகள். ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக் குறியீடு) என்று போட்டு அருகில் எஸ் எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி எழுத்தில் தொடங்கினால் டீசலுக்கு. உங்கள் வீடருக்கு எஸ்.ஜே. அல்லது அதற்குப் பின் வந்த எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என். எதுவும் போதும். டிராக்டர் கேனில் சி.ஐ-4 என்பதோடு எஸ்.எல். என்றும் சேர்த்து அச்சிட்டிருந்தால் அந்த அரை கேனையும் வீடருக்கே ஊற்றித் தீர்த்துவிடலாம். சி மட்டும்தான் இருக்கிறதென்றால் அது டிராக்டருக்கே இருக்கட்டும். தலைகீழாக மட்டும் செய்யாதீர்கள். பைக் ஆயிலை டீசல் இன்ஜினில் ஊற்றினால் அதன் கரியைச் சமாளிக்க அந்த ஆயிலில் தெம்பு இருக்காது.

இப்போது ஏ.டி.வி. கியர் போட்டு ஓட்டும் வண்டியென்றால் பெரும்பாலும் பைக் போலவேதான்: இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைந்துகொண்டிருக்கும். கார் ஆயில் பலவற்றில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று வழுக்கலைக் கூட்டும் மருந்து கலக்கிறார்கள். காருக்கு நல்லது. ஆனால் ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். ஏற்காட்டு ஏற்றத்தில், பின்னால் இரண்டு மூட்டை காபியோடு, இன்ஜின் அலற வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்காகவே ஜப்பான்காரர்கள் ஜாஸோ என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். கேனில் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். எம்.பி. என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது, வேண்டாம்.

ஒன்றை மட்டும் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி கியரா, பெல்ட்டா? உதாரணமாக போலாரிஸ் வண்டிகள் பெல்ட்டில் ஓடுபவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவனம் சொல்வது 5டபிள்யூ-50. அப்படியென்றால் ஒரே கேன் கதை முடிந்தது, அதற்குத் தனியாகத்தான் வாங்க வேண்டும். கியர் வண்டியாக இருந்து அதன் புத்தகமும் 40ஐ ஒத்துக்கொண்டால், ஜாஸோ எம்.ஏ. போட்ட 4டி (ஃபோர் ஸ்ட்ரோக் பைக்) ஆயிலில் ஒரே வகை வாங்கி இரண்டுக்கும் ஊற்றுங்கள்.

ஆயிலைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு யோசிக்கிறீர்கள், ஆனால் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேள்வியில் ஒரு வரிகூட இல்லை! எனக்கு அதுதான் உறுத்துகிறது.

வீடர் இன்ஜினை ஒருமுறை பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வகைச் சின்ன இன்ஜின்களில் பெரும்பாலும் ஆயில் பம்பும் இருக்காது, ஆயில் ஃபில்டரும் இருக்காது. கனெக்டிங் ராடுக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்ன நாக்கு இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றும்போது அந்தக் கரண்டி அடியில் கிடக்கும் ஆயிலை வாரி எல்லாப் பக்கமும் இறைக்கும். ஏற்றக்காரர் வாய்க்காலில் தண்ணீர் இறைத்த மாதிரிதான். மொத்தம் இருப்பதோ சுமார் 600 மில்லி. அந்த 600 மில்லிதான் உராய்வைத் தடுத்து, சூட்டை வாங்கி, புழுதியையும் இரும்புத் துகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடுகிறது. வடிகட்ட ஆளில்லை. ஏ.டி.வி.யில் பம்பும் ஃபில்டரும் உண்டு, அதனால் அது கொஞ்சம் பொறுக்கும். வீடர் பொறுக்காது.

புது இன்ஜினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பெரும்பாலும் புத்தகத்தில் இருக்கும். மஞ்சளில் களையெடுக்கும் பருவத்தில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓட்டினால் 20 நாளில் 100 மணி முடிந்துவிடும். செம்மண் புழுதியில் 100 வரை இழுக்காமல் 50 மணிக்கே மாற்றிவிடுங்கள் என்பேன். ஒரு லிட்டர் கேனில் ஒரு தடவை மாற்றியதுபோக மீதியும் இருக்கும். வாடகைக்கு விட்டால் மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டுகிற ஆள் ஞாபகமாகச் சொல்வான் என்று நம்பாதீர்கள்.

அளவு பார்ப்பதிலும் ஒரு தப்பு நடக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ரோட்டர் பிளேடு மண்ணில் புதையாமல் இன்ஜின் மட்டமாக இருக்கும்போது பார்க்க வேண்டும். பல இன்ஜின்களில் அளவுக் குச்சியைத் திருகி இறுக்காமல், சும்மா உள்ளே விட்டு எடுத்துத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். திருகி எடுத்தால் அளவு இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். குறைந்திருப்பது தெரியாமலே ஓட்டுவீர்கள். குச்சியில் பெட்ரோல் வாடை அடித்து அளவும் ஏறியிருந்தால் கார்புரேட்டர் கசிந்து பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த ஆயிலை மாற்றியும் பயனில்லை. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். ஓடையைக் கடக்கும் ஏ.டி.வி.யில் இதைத் தம்பி அடிக்கடி பார்க்கட்டும்.

நீலப்புகைக்கு வருவோம். அது ஆயில் எரிகிற புகை, ஆனால் ஆயிலின் வகைதான் காரணம் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் பிளேடில் சுற்றிய புல்லை எடுக்க வீடரைப் பக்கவாட்டில் சாய்த்தீர்களா, டெம்போவில் படுக்க வைத்து ஏற்றினீர்களா என்று யோசியுங்கள். சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறி, மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நிமிடம் புகைந்து நின்றுவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். அளவு மீறி ஊற்றியிருந்தாலும் புகையும், கொஞ்சம் வடித்துவிடுங்கள். சாய்க்கவும் இல்லை, அளவும் சரி, புகை மட்டும் நாள் முழுக்க விடாமல் வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் வழியாகப் புகுந்த புழுதிதான் காரணமாக இருக்கும். ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் ஆயில் ஊற்றும் வகையா என்று பாருங்கள். அந்தக் கிண்ணம் வற்றிக்கிடந்தால் மண்ணை நேராகச் சிலிண்டருக்கு ஊட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை மறைக்காமல் ரிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றும்போது இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு டிரெயின் நட்டைக் கழற்றுங்கள். அப்போதுதான் அடிக்கசடும் சேர்ந்து இறங்கும். வடித்த ஆயிலைக் கரையான் வராது என்று தென்னை அடியிலோ வேலிக்காலிலோ ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அதில் உலோகத் தூளும் இன்ஜினில் எரிந்த கழிவும் இருக்கிறது, உங்கள் கிணற்றுக்குத்தான் இறங்கும். பழைய கேனிலேயே பிடித்து வைத்து, பழைய ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.