ஸ்டூடியோ மானிட்டரில் (மிக்ஸிங்குக்கு நம்பிக் கேட்கும் ஸ்பீக்கர் பெட்டி) டோம் ட்வீட்டர் (மேல் ஓசை தரும், குவிந்த முகமுள்ள சிறிய ஸ்பீக்கர்) போய்விட்டால், அதே அளவில் கடையில் கிடைக்கும் வேறொன்றைப் பொருத்தலாமா?

பொருத்தலாம், ஓசையும் வரும். ஆனால் அதன் பிறகு அந்தப் பெட்டியை நம்பி மிக்ஸிங், அதாவது பதிவான ஓசைகளைச் சமன்செய்து சேர்க்கும் வேலை, செய்ய முடியாது. இதைச் சொல்ல எனக்குள்ள ஒரே தகுதி, அதே தவற்றைச் செய்து ஒரு முழுத் தொகுப்பையும் கெடுத்து, பாடியவரிடம் திட்டு வாங்கியதுதான். நான் ஒலிப் பொறியியல் படித்தவன் அல்லன். படித்தவர்கள் எங்கேனும் பிழை கண்டால் திருத்தட்டும், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"வலது பக்கம் மட்டும் போய்விட்டது, அளவும் ஓமும் ஒன்றாக இருந்தால் போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது 5 அங்குல ஊஃபர் (கீழ் ஓசைக்கான பெரிய ஸ்பீக்கர்) உள்ள, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் மானிட்டராக இருக்கலாம். விற்றவரிடம் விசாரித்து, "உதிரிப் பாகம் வராது, புது ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதிலும் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். என்னுடையவை தனி ஆம்ப்ளிஃபயரில் ஓடும் பாசிவ் வகை. அந்த வேறுபாட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மதுரை வில்லாபுரத்தில் வீட்டு மாடியில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். அழகர் வர்ணிப்பு, கும்மிப் பாட்டு, குலதெய்வக் கோயில் பாடல்கள் ஆகியவையே எனக்கு வரும் வேலைகளில் பெரும்பங்கு. 2016-இல் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வர்ணிப்புப் பாட வந்திருந்தார். இடைவேளையில் அவருடைய தங்கை மகன், விளையாட்டாகத்தான், மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டு மானிட்டருக்கு நேர் எதிரே வந்து நின்றுவிட்டான். நான் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விநாடிக்குக் காதைக் கிழிக்கும் கீச்சொலி. ஓடிப்போய் இறக்குவதற்குள் வலது பக்கம் மேல் ஓசை அடங்கிவிட்டது. பாட்டில் ட்வீட்டருக்குப் போகும் சக்தி மிகச் சிறிய பங்குதான் என்பதால் அதன் காயிலை மயிரிழைக் கம்பியில் சுற்றுகிறார்கள். ஃபீட்பேக் என்ற அந்தக் கீச்சொலியோ விட்டுவிட்டு வராமல் ஒரே சுருதியில் முழு வேகத்தில் நிற்கும். அந்தச் சூட்டில் கம்பி அறுந்துபோகிறது. மல்ட்டிமீட்டரை வைத்தபோது இடது பக்கம் 5.9 ஓம் காட்டியது (எட்டு ஓம் ட்வீட்டரை மீட்டரில் அளந்தால் இந்த அளவுதான் காட்டும்), வலது பக்கத்தில் முள் அசையவில்லை.

மறுநாள் காலை டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான கடைக்காரர் முதலில் ஒரு பீசோ ட்வீட்டரை நீட்டினார். அது வேறு சாதி, மானிட்டருக்கு ஆகாது என்று நான் தலையாட்டிய பிறகு, 25 மில்லிமீட்டர் பட்டு டோம் ஒன்றை எடுத்துப் பழையதன் மேல் வைத்துக் காட்டினார். "எட்டு ஓம்ஸு, ஒரு இஞ்சு, ஸ்க்ரூ ஓட்டை கூட அச்சா உக்காருது. கண்ண மூடிக்கிட்டுப் போடுங்கண்ணே." விலை 450 ரூபாய். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டதைக் கொடுத்தார், நான்தான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை.

பொருத்தும்போதே ஒரு பாடம் கிடைத்தது. நான்காவது ஸ்க்ரூவை முடுக்கப் போகையில், ஸ்க்ரூ டிரைவரின் முனையை உள்ளிருந்த மேக்னட் சட்டென்று இழுத்துக்கொள்ள, அது கையைவிட்டு நழுவி டோமின் நடுவில் போய் நின்றது. நல்ல வேளையாகப் பட்டு என்பதால் குழிந்ததே தவிரக் கிழியவில்லை. ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தை மெல்ல வைத்து இழுத்ததும் எழும்பிவிட்டது. அலுமினியமோ டைட்டானியமோ ஆக இருந்திருந்தால் அந்தச் சொட்டை நிரந்தரம். டோமின் மேல் ஒரு தேநீர்க் குவளையைக் கவிழ்த்துக்கொண்டு ஸ்க்ரூவைத் தொடுவது அன்று முதல் என் வழக்கம்.

உண்மையான தவறு இதற்குப் பிறகுதான் நடந்தது. புது ட்வீட்டர் இடது பக்கத்தைவிடத் தெளிவாக, கூர்மையாக ஒலித்தது. பழையது வயதாகி மங்கிவிட்டது, இதுவே சரியான ஓசை என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில், ஜால்ராவும் பெரியவரின் சகர ஒலிகளும் மிகையாக உறைப்பதாக எண்ணி, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தாராளமாகக் குறைத்து முடித்துக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏந்தம்பி, சாக்குக்குள்ள உக்காந்து பாடுன மாதிரியில்ல இருக்கு? ஜால்ரா அடிச்சவன் சம்பளம் வாங்கிட்டு அடிக்கவே இல்லையாங்குறாக." காசு வாங்காமல் ஹெட்போனில் வைத்து முழுவதையும் மீண்டும் செய்து கொடுத்தேன்.

பிறகுதான் ஓர் அளவீட்டு மைக்கையும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் வைத்து, இரு பெட்டிகளையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி நிறுத்தி அளந்தேன். அறையின் குறை எது, ட்வீட்டரின் குறை எது என்று பிரித்தறிய, பெட்டியை இடம் மாற்றாமல் ஒரே இடத்தில் வைத்து அளப்பது முக்கியம். வலது பக்கம் மேல் ஓசையில் 4 டெசிபல் கூடுதலாக இருந்தது. எட்டு ஓம் என்பது மின்தடையைப் பற்றிய பேச்சு மட்டுமே, 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்ற எண் வேறு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. சரி, தடை வைத்து அடக்கிவிடலாம் என்று, கிராஸ்ஓவருக்கும் (ஓசையைக் கீழ், மேல் என்று பிரித்து ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சுற்று) ட்வீட்டருக்கும் நடுவே தொடராக 3 ஓமும் ட்வீட்டருக்குக் குறுக்கே 14 ஓம் அளவிலும் ரெசிஸ்டர் போட்டேன். 4 டெசிபல் இறங்கியது, கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் ஊஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பாசிட்டிவ், நெகட்டிவ் கம்பிகளை மாற்றிப் பார்த்தேன். பள்ளம் இடம் பெயர்ந்ததே தவிர மறையவில்லை.

காரணம் எளியது. புது ட்வீட்டரின் ஒத்ததிர்வு எண் (டோம் தன்னியல்பாக அதிரும் அதிர்வெண்) 1,500 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருந்தது, பழையதன் எண்ணோ அதில் ஏறக்குறைய பாதிதான். ஒத்ததிர்வைப் போல் குறைந்தது இரண்டு மடங்குக்கு மேலேதான் ஒரு ட்வீட்டரை வேலை வாங்கவேண்டும் என்பது பழைய நடைமுறை விதி. என் பெட்டியோ 2 கிலோஹெர்ட்ஸிலேயே வேலையை அதன் தலையில் கட்டியது. கிராஸ்ஓவரில் உள்ள கெபாசிட்டரும் காயிலும் பொதுவாக "ஏதோ ஒரு எட்டு ஓம் ட்வீட்டருக்கு" என்று தேர்ந்தெடுக்கப்படுபவை அல்ல. அந்த ஒரு ட்வீட்டரின் ஒத்ததிர்வு, அதன் முகத்தட்டின் வடிவம், ஊஃபருக்கு அது எவ்வளவு முன்னே பின்னே நிற்கிறது என்பவற்றுக்காகச் செய்யப்பட்டவை. இப்போதைய மானிட்டர்கள் பலவற்றில் டோமைச் சுற்றி வேவ்கைடு என்ற குழிந்த வாய் இருக்கிறது. அதில் தட்டை முகமுள்ள ட்வீட்டரை வைத்தால், ஓசை எத்திசையில் எவ்வளவு பரவுகிறது என்பதே மாறிப்போகும். ஆகவே நல்ல ட்வீட்டர் எது, பட்டா டைட்டானியமா என்ற விவாதத்தில் எனக்கு இப்போது ஆர்வமில்லை. உங்கள் பெட்டி எந்த ட்வீட்டரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்பது மட்டுமே கேள்வி.

யமஹா என்.எஸ்.10 இதற்கு உலகறிந்த சான்று. 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வெளிவந்த அது ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தபோது, மேல் ஓசை குத்துகிறது என்று பலர் ட்வீட்டரின் மேல் டிஷ்யூ காகிதத்தைத் தொங்கவிட்டு வேலை செய்தார்கள். எந்தக் காகிதம், எத்தனை மடிப்பு என்றுகூடச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு தாளுக்கே அவ்வளவு வேறுபாடு என்றால், ட்வீட்டரையே மாற்றுவது என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"கோயிலில் வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில்தானே உன் பாட்டு ஓடப்போகிறது, இதற்கு எதற்கு இத்தனை நுணுக்கம்" என்று சிலர் கேட்பார்கள். என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். கூம்பில் கீழ் ஓசையும் வராது, உச்ச ஓசையும் வராது, நடுப்பகுதி மட்டும் பிழைக்கும். எது பிழைக்கும், எது சாகும் என்று தெரிந்து மிக்ஸ் செய்யவேண்டியவனுக்குத்தான் ஒழுங்கான மானிட்டர் தேவை. சினிமாப் பாட்டுக்கு மட்டும் காது வேண்டும், வர்ணிப்புக்கு வேண்டாம் என்பதை நான் ஏற்பதில்லை.

கடைசியில், பழைய ட்வீட்டரின் மேக்னட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த எண்ணைப் படமெடுத்து, பாகங்களை இறக்குமதி செய்யும் ஒருவருக்கு அனுப்பி, அதே எண்ணில் இரண்டு வரவழைத்தேன். ஒன்று 3,800 ரூபாய், மூன்று வாரக் காத்திருப்பு. ஒன்று போதுமே என்று வீட்டில் கேட்டார்கள். காயில் இடைவெளியில் இருக்கும் ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் இறுகும். பழையதும் புதியதும் ஜோடி சேராது என்ற அச்சத்தில் இரண்டையும் மாற்றினேன். அளந்தபோது இரு பக்கமும் ஒரு டெசிபலுக்குள் ஒத்துப்போயின. வேலை செய்துகொண்டிருந்த பழைய இடது ட்வீட்டர் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

உங்களுடையது ஆக்டிவ் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ட்வீட்டருக்கென்று உள்ளே தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அது பழுதாகி ட்வீட்டரை எரித்திருந்தால், புதியதையும் எரிக்கும். பாட்டு எதுவும் ஓடாத நிலையில் ட்வீட்டர் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே டி.சி. வோல்டேஜ் அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் அஞ்சவேண்டாம். வோல்ட் கணக்கில் வந்தால் முதலில் போர்டைச் சரிசெய்யவேண்டும். பெட்டியைத் திறக்கிறீர்கள் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும் என்பதை மறக்கவேண்டாம். எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பதையும் கழற்றும் முன் படமெடுத்து வையுங்கள். சில வடிவமைப்புகளில் ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைத்திருப்பார்கள், அதை நாம் "சரி" செய்துவிடக்கூடாது.

மானிட்டரின் மாடல், மேக்னட்டின் பின்னால் உள்ள எண், நல்ல பக்கத்து ட்வீட்டரைக் கழற்றி அளந்த ஓம் ஆகிய மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்த எண்ணில் பாகம் கிடைக்கிறதா என்று நானும் தேடிப் பார்க்கிறேன்.