வெப் சீரிஸ் வந்தப்புறம் சீரியல் ஷூட்டிங் எல்லாம் சென்னையை விட்டு வெளிய போயிடுச்சா?

பாதி போயிடுச்சு, பாதி போகவே போகாது. நான் ரெண்டு பக்கமும் வேலை பார்த்தவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

2012-ல இருந்து ஒரு நாலு வருஷம் சாலிகிராமத்துல டெய்லி சீரியல் ஒண்ணுக்கு அசிஸ்டென்ட் எடிட்டரா இருந்தேன். ஷூட்டிங் வளசரவாக்கத்துல ஒரு வாடகை பங்களா. காலைல அது ஹீரோயின் வீடு, மத்தியானம் சோபா கவர மாத்திட்டு செவுத்துல ரெண்டு படத்த மாட்டினா வில்லி வீடு, மாடி ரூம்ல ஒரு கட்டிலும் குளுக்கோஸ் ஸ்டாண்டும் போட்டா ஆஸ்பத்திரி. சாயங்காலம் ஒரு பையன் பைக்ல ஹார்ட் டிஸ்க்க கொண்டு வருவான், மழை வந்தா பாலிதீன் கவர்ல சுத்தி பனியனுக்குள்ள வச்சுக்குவான். எடிட், டப்பிங், ரீரெக்கார்டிங் எல்லாமே நாலு தெரு தள்ளி, சில நாள் நைட்டு போட வேண்டிய எபிசோட அன்னிக்கு சாயங்காலம்தான் முடிச்சு சேனலுக்கு அனுப்புவோம். வாரத்துக்கு அஞ்சு ஆறு எபிசோட் ஓட்டணும்னா வேற வழியே இல்ல, பைக் போய்ட்டு வர்ற தூரத்துக்குள்ளதான் எல்லாமே இருந்தாகணும். கதை பொள்ளாச்சில நடக்கும், ஆனா தோப்பு குன்றத்தூர் பக்கத்து தோப்பு. கொங்கு தமிழ்னா எல்லா வரிக்கும் கடைசில ஒரு 'ங்க' சேத்துக்குவாங்க, அவ்ளோதான். ஹீரோயின் பெங்களூர்ல இருந்தோ கேரளாவுல இருந்தோ வந்திருப்பாங்க, குரல் குடுக்கறது விருகம்பாக்கத்து டப்பிங் அக்கா, இதுல பொள்ளாச்சி எங்கிருந்து வரும்?

அப்பவும் வெளிய போய் எடுத்தவங்க இல்லாம இல்ல. டைரக்டர் திருமுருகன் 'நாதஸ்வரம்' சீரியல காரைக்குடில வச்சு எடுத்தாரு, 2014-ல ஆயிரமாவது எபிசோட அங்கிருந்தே லைவா பண்ணாங்க. ஆனா வெளியூர்னா யூனிட்டுக்கே ரூம், சாப்பாடு, பேட்டா, வண்டினு செலவு எகிறும், எல்லா தயாரிப்பாளரும் அதுக்கு துணிய மாட்டாங்க.

எல்லாம் சென்னைக்குள்ளயேன்னு இருந்த இந்த வழக்கத்ததான் இன்டர்நெட் மொதல்ல உடைச்சது. கோயம்புத்தூர்ல நக்கலைட்ஸ் டீம் அரசியல் நக்கல் வீடியோல ஆரம்பிச்சு 2020-ல 'அம்முச்சி'ங்கற சீரிஸ யூடியூப்ல போட்டாங்க. அம்முச்சின்னா எங்க ஊர்ல அம்மாவோட அம்மா. டிவில இந்த வார்த்தைய டைட்டிலா வைக்கணும்னு கேட்டிருந்தா 'மதுரைக்காரங்களுக்கு புரியுமா'ன்னு கேட்டு மொத மீட்டிங்லயே அடிச்சிருப்பாங்க. இங்க யாரு கிட்டயும் ஸ்லாட் கேக்க வேண்டியதில்ல, ஏத்தி விட்டா போச்சு, புரியாதவங்க கமென்ட்ல கேட்டுக்குவாங்க. ரெண்டாவது சீசன் 2022-ல ஆஹாங்கற ஓடிடி ஆப்ல வந்துச்சு, டைரக்டர் ராஜேஷ்வர் காளிசாமி அப்புறம் 2025-ல குடும்பஸ்தன் படம் பண்ணாரு, அதுலயும் அதே மண்ணு பேச்சுதான். முன்னாடி ஊர்ப்பேச்ச சென்னைக்கு வந்து மறக்கணும், இப்ப அதுவே வேலை வாங்கிக் குடுக்குது.

ஓடிடிலயும் கதை ஊர் ஊரா போச்சு. 'விலங்கு' சீரிஸ் திருச்சி பக்கத்து போலீஸ் ஸ்டேஷன், 'வதந்தி' கன்னியாகுமரி பக்கம், 'அயலி' புதுக்கோட்டை கிராமம், 'சுழல்'ல மயானக் கொள்ளை திருவிழாவையே கதைக்குள்ள இழுத்துட்டாங்க. ஏழெட்டு எபிசோட், மொத்தமா எடுத்து மொத்தமா ரிலீஸ். அன்னன்னிக்கு டெலிகாஸ்ட்ங்கற கத்தி கழுத்துல இல்லாததால ஒரு ஊர்ல போய் மாசக்கணக்கா உக்காந்து எடுக்க முடியுது.

ஆனா இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. ஷூட்டிங் கோபிக்கும் (கோபிச்செட்டிபாளையம்) புதுக்கோட்டைக்கும் வந்துச்சு சரி, பணம் எங்கிருந்து வருது? பெரிய ஆப்களோட ஆபீஸ் மும்பைல, ஆஹா ஹைதராபாத். முன்னாடி கதை சொல்ல கோடம்பாக்கம் பஸ் ஏறினா போதும், இப்ப இங்கிலீஷ்ல பிட்ச் டாக்குமென்ட் போட்டு அந்தேரில உக்காந்திருக்கறவங்களுக்கு ஜூம்ல விளக்கணும். நான் எடிட் பண்ணின ஒரு சீரிஸுக்கு (எந்த கம்பெனின்னு கேக்காதீங்க) ஒரு மேடம் போன் பண்ணி 'ஏனுங்'னா (கொங்கு பக்கம் மரியாதையா கூப்பிடற வார்த்தை) பேரா உறவு முறையான்னு கேட்டாங்க. சப்டைட்டில்ல அத எப்படி போடறதுன்னு முக்கால் மணி நேரம் பேசி, கடைசில அந்த வார்த்தைய விட்டுட்டு மிச்சத்த மட்டும் போட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, தமிழ் தெரியாது, ஆனா ஓகே சொல்ற அதிகாரம் அவங்க கைல.

டெய்லி சீரியல் மட்டும் இன்னிக்கும் அதே வளசரவாக்கம், அதே போரூர்தான். ஹார்ட் டிஸ்க் பையனுக்கு பதிலா ஃபைல் போகுது, ஆனா லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், யூனியன் எல்லாம் அங்கதான் குடியிருக்கு, ஒரு ஆர்ட்டிஸ்ட் வரலைன்னா அரை மணி நேரத்துல இன்னொரு ஆள் கிடைப்பாங்க. கோபில அது நடக்குமா?

நான் இப்ப கோயம்புத்தூர்ல வீட்டு மாடில இருந்துதான் எடிட் பண்றேன். ஃபைபர் இருக்கு, ஆனா நைட் ஃபுல்லா அப்லோட் போட்டுட்டு காலைல எந்திரிச்சா 97 பர்சென்ட்ல நின்னுட்டு இருக்கும், கரென்ட் போயிருக்கும். டைரக்டர் சென்னைல, மியூசிக் கொச்சில, கரெக்‌ஷன் எல்லாம் வாட்சப் வாய்ஸ் நோட்டா வரும்.

போன மாசம் லொகேஷன் பாக்க கோபி பக்கம் நடுவுல முற்றம் வச்ச ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டுக்கு போயிருந்தோம். வீட்டுக்கார அய்யா மோர் குடுத்தாரு, திண்ணைல உக்கார வச்சாரு, எல்லாம் பேசி முடிச்சுட்டு மெதுவா கேட்டாரு, "ஏனுங் தம்பி, வளசரவாக்கத்துல பங்களாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுங் குடுக்கறீங்க?"