சிறை வேலைக்குப் பழைய கூலி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தம்பி மகன் அமெரிக்காவில் நெவாடா மாநிலச் சிறையில் இருக்கிறான், சமையலறையில் வேலை. 2024-ல் சட்டம் மாறிவிட்டது, இனி அவன் வேலைக்குப் போக வேண்டாம், இத்தனை வருடக் கூலியையும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று 1864 முதல் நெவாடா அரசியல் சாசனத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அதைத்தான் 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து நீக்கினார்கள். கூலியைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. 2021-லும் 2023-லும் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, பிறகு வாக்கெடுப்புக்கும் போய், இவ்வளவு சுற்றிய பிறகும் சம்பளம் என்ன என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள்! பழைய பாக்கி என்ற பேச்சே அந்த ஆளுடைய கற்பனை.

சரி, வேலைக்குப் போகாமல் இருக்கலாமா? அவசரப்பட வேண்டாம். ஒழுங்காக வேலை செய்தால் தண்டனையில் சில நாட்கள் குறையும் இல்லையா, மறுத்தால் அந்தக் கழிவு இனிமேல் கிடைக்காமல் போவது ஒன்று, ஏற்கெனவே சேர்த்த நாட்களைப் பறிப்பது இன்னொன்று, மறுத்ததற்காகத் தனியறையில் அடைப்பது மூன்றாவது. முதலாவதை 'சலுகைதானே, தண்டனை இல்லையே' என்று சிறைத்துறை சுலபமாக வாதாடிவிடும், மற்ற இரண்டில்தான் வழக்குக்கு இடம் இருக்கிறது. 2018-லேயே இதே திருத்தம் செய்த கொலராடோவில், சிறை வேலைத்திட்டத்தையே ஒழிக்க மக்கள் நினைக்கவில்லை என்று 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் பையன் வீம்புக்கு மறுத்து, விடுதலைத் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொள்ள வேண்டாம்.

கலிபோர்னியாவிலும் சட்டம் மாறிவிட்டது என்று யாராவது வீடியோ காட்டினால் அதையும் நம்பாதீர்கள், அங்கே அதே நாளில் இந்தத் திருத்தம் தோற்றுவிட்டது.

நிஜமாகவே மிரட்டி வேலை வாங்கினால், யார், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று எழுதி முதலில் சிறைக்குள்ளேயே குறைமனு கொடுக்கச் சொல்லுங்கள், நகல் ஒன்றை உங்களுக்கு அனுப்பட்டும். உள்ளே மேல்முறையீடுவரை முடிக்காமல் கூட்டாட்சி நீதிமன்றம் போனால், 1996-ல் வந்த சட்டத்தைக் காட்டித் தள்ளுபடி செய்வார்கள். முன்பணம் வாங்கும் தரகர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள், தள்ளுபடி ஆனதும் போனை எடுக்கவும் மாட்டார்கள். அவர் வழக்கறிஞர்தானா என்று நெவாடா வழக்கறிஞர் சங்க இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலை உடனே கேட்டு வாங்குங்கள்.