ஸ்ட்ராபெர்ரியா ராஸ்பெர்ரியா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இரண்டையும் பல வருடங்களாக வளர்த்து, பறித்து, ஜாம் காய்ச்சிப் பழகியவன் நான். ‘இதில் எது உசத்தி’ என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணா. ஒன்றுதான் என்றால் எது?

ராஸ்பெர்ரி. ஆனால் பறித்த அன்றே கைக்கு வர வேண்டும். ஸ்ட்ராபெர்ரியின் இனிப்பு நாக்கில் பட்டதும் மனசு நிறைந்துவிடும், உண்மைதான். ராஸ்பெர்ரியில் முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு, கடைசியில் பூ வாசம் மாதிரி ஒன்று மூக்குக்கு ஏறும், அதனால் ஒரு கிண்ணம் தின்றாலும் எனக்குத் திகட்டுவதில்லை. இரண்டு நாள் பெட்டியில் கிடந்து நசுங்கிய ராஸ்பெர்ரிதான் கிடைக்கும் என்றால் பேசாமல் ஸ்ட்ராபெர்ரி பக்கம் போய்விடுங்கள்.

கேள்வி: நான் வாங்கும் ஸ்ட்ராபெர்ரி பார்க்க அழகு, வாயில் போட்டால் தண்ணீர். இதையா இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் இன்னும் நல்ல ஸ்ட்ராபெர்ரியைச் சாப்பிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். மாம்பழத்தைக் காயாகப் பறித்து வைத்தாலும் பழுத்துவிடும், ஸ்ட்ராபெர்ரி அப்படி இல்லை, செடியை விட்டு வந்த பிறகு நிறம் கொஞ்சம் ஏறுமே தவிர இனிப்பு ஏறாது. நன்றாகப் பழுத்ததை வண்டியில் ஏற்றினால் கூழாகிவிடும் என்பதால் தொலைதூரம் போக வேண்டியதை முன்னாடியே பறித்துவிடுகிறார்கள். நீங்கள் சாப்பிட்ட தண்ணீர் ருசி அங்கிருந்து வந்ததுதான்.

வாங்கும்போது பச்சை இலைக்கு அடியில் பாருங்கள், தோள் வரைக்கும் சிவப்பு ஏறியிருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் வேண்டாம். அப்புறம் மோந்து பாருங்கள். ஸ்ட்ராபெர்ரியின் ருசியில் பெரும்பங்கு வாசனைதான், மூடிய பெட்டியைத் தாண்டி வாசம் வந்தால் யோசிக்காமல் வாங்கலாம். இன்னொன்று, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சாப்பிடாதீர்கள். அரை மணி நேரம் வெளியே வைத்தால் அதே பழம் வேறு பழமாகிவிடும்.

கேள்வி: இரண்டுமே பெர்ரி கிடையாதாமே, உண்மையா?

உண்மை. தாவரவியல் கணக்கில் வாழைப்பழமும் தக்காளியும் பெர்ரி, இவை இரண்டும் இல்லை. ஸ்ட்ராபெர்ரியில் நாம் தின்பது பூவைத் தாங்கும் பூத்தளம் ஊதிப் பெருத்த சதை. மேலே விதை மாதிரி ஒட்டியிருக்கிறதே, அந்த ஒவ்வொன்றும்தான் உண்மையான கனி, விதை அதற்குள்ளே இருக்கிறது. ராஸ்பெர்ரி ஒரு திரள்கனி, ஒரே பூவிலிருந்து வந்த குட்டிக் குட்டிக் கனிகள் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பறிக்கும்போது பூத்தளம் செடியிலேயே நின்றுவிடுவதால்தான் பழத்துக்குள்ளே குழி விழுகிறது. பிளாக்பெர்ரியில் அது பழத்தோடு வந்துவிடும், இரண்டையும் பிரித்தறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. ரோஜாவும் இவற்றுக்குச் சொந்தம்தான், எல்லாம் ஒரே குடும்பம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை உண்டு. எது பரவாயில்லை?

100 கிராமுக்கு இரண்டிலும் சர்க்கரை சுமார் 5 கிராமுக்குள்தான். ராஸ்பெர்ரியில் நார்ச்சத்து 6.5 கிராம், ஸ்ட்ராபெர்ரியில் 2 கிராம், அதனால் உங்களுக்கு ராஸ்பெர்ரி என்பேன். வைட்டமின் சி-யில் ஸ்ட்ராபெர்ரி முந்திவிடும், கிட்டத்தட்ட 59 மில்லிகிராம், அது இரண்டு மடங்குக்கும் மேல். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்ட்ராபெர்ரி ஆதியிலிருந்தே இவ்வளவு பெரிசா?

இல்லை, இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐரோப்பாவின் காட்டு ஸ்ட்ராபெர்ரி விரல் நுனி அளவுதான். 1714-இல் ஃபிரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சிலியிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். வந்தவை எல்லாம் பெண் செடிகள், தனியாக நட்டால் காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்க ஸ்ட்ராபெர்ரி இருந்த இடங்களில் மகரந்தம் சேர்ந்து காய்த்தன, அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்று நாம் தின்பது. 1766-இல் துஷேன் என்பவர் இது கலப்பினம் என்று கண்டு எழுதினார். இரண்டு அமெரிக்கக் கண்டங்கள் பிரான்ஸ் நாட்டுத் தோட்டத்தில் சந்தித்துக்கொண்டன!

கேள்வி: ராஸ்பெர்ரி மறுநாளே பூஞ்சை பிடித்துவிடுகிறது. என்ன செய்வது?

கழுவிவிட்டு வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாப்பிடும்போதுதான் கழுவ வேண்டும். வந்தவுடன் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நசுங்கியதை எடுத்துவிட்டு, குளிர்ச்சியில் வையுங்கள். அப்படியும் இரண்டு மூன்று நாள்தான். மிஞ்சினால் தட்டோடு உறைய வைத்து, கல் மாதிரி ஆனதும் பையில் கொட்டிவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரியையும் உறைய வைக்கலாம், ஆனால் உருகியதும் தொளதொளவென்று ஆகிவிடும், அது அரைப்பதற்குத்தான் சரி.

கேள்வி: முதல்முறை ஜாம் செய்கிறேன், எதில் ஆரம்பிக்கட்டும்? அக்காவிடம் கேட்டால் ஸ்ட்ராபெர்ரி என்கிறார்.

அக்கா சொல்வதை இந்த ஒரு தடவை கேட்க வேண்டாம். ஸ்ட்ராபெர்ரியில் ஜாமை இறுக வைக்கும் பெக்டின் குறைவு, எலுமிச்சைச் சாறு விடாமல் காய்ச்சினால் பாகு மாதிரி ஓடும். ராஸ்பெர்ரி சீக்கிரம் இறுகிவிடும். விதை பல்லில் மாட்டுகிறது என்றால் சூட்டோடு சல்லடையில் தேய்த்து எடுங்கள்.

கேள்வி: பால்கனியில் வளர்க்க ஆசை. இடம் கொஞ்சம்தான்.

ஸ்ட்ராபெர்ரி. ஒரு தொட்டி போதும், அது விடும் ஓடுதண்டை இன்னொரு தொட்டியில் பதித்தால் புதுச் செடி இலவசமாகக் கிடைக்கும், மூன்று நான்கு வருடத்தில் பழைய செடி ஓய்ந்துபோகும்போது இது கைகொடுக்கும். ராஸ்பெர்ரி ஆள் உயரம் போகும், வேர் பக்கவாட்டில் பரவும், குளிர்காலமும் வேண்டும். பல வகைகளில் இந்த வருடம் முளைத்த தண்டு அடுத்த வருடம்தான் காய்க்கும், அது தெரியாமல் மொத்தமாக வெட்டிவிட்டு ‘காய்க்கவே இல்லை’ என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். காய்த்து முடிந்த தண்டை மட்டும் வெட்டுங்கள், பச்சையாக நிற்பதைத் தொடாதீர்கள்.