கேளுங்கள், சொல்கிறேன்: நாடா தீர்ந்துபோன இடம்

சென்ற இதழில், 'பாட்டுக்காகவே நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் எது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'அமெரிக்கன் கிராஃபிட்டி' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடுவீர்களா? பை நிறையக் கடிதங்கள். சரி, இந்த வாரம் முழுக்க அதற்கே. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். அரசியல் எங்கும் ஓடிப்போகாது.

கேள்வி: நீங்கள் சொன்னீர்களே என்று பார்த்தேன். கதையே இல்லையே மேடம்! நாலு பையன்கள் ராத்திரி பூரா காரில் சுற்றுகிறார்கள், விடிகிறது, படம் முடிகிறது. இதில் என்ன கண்டீர்கள்?
(கல்லூரி இறுதியாண்டு மாணவி)

பதில்: கதை இல்லைதானம்மா. ராத்திரி மட்டும்தான் இருக்கிறது. 1962, கோடை விடுமுறையின் கடைசி இரவு, கலிஃபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊர். கர்ட், ஸ்டீவ் இரண்டு பேரும் காலையில் விமானம் ஏறிக் கிழக்கே கல்லூரிக்குப் போகவேண்டும். ஸ்டீவ் துடிக்கிறான், கர்ட்டுக்கு மனசில்லை. விடிந்ததும் கர்ட் போகிறான், ஸ்டீவ் தங்கிவிடுகிறான். இவ்வளவுதான் நடப்பது. உங்களுக்கு இறுதியாண்டு என்கிறீர்கள். ஒரு பத்து வருடம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நான் இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பு கேட்டவள். கப்பலில் வேலை பார்த்த என் பெரியம்மா மகன் இதன் இரட்டை இசைத்தட்டு ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, 90 நிமிடக் கேஸட் ஒன்றில் பதிந்து எனக்குக் கொடுத்தான். மொத்தம் 41 பாட்டு. எல்லாம் இரண்டு, இரண்டரை நிமிடப் பாட்டுகள்தான், ஆனாலும் 90 நிமிடத்தில் அடங்காது. 'ஒன்லி யூ' பாட்டின் நடுவில் நாடா தீர்ந்து, டப்பென்று பொத்தான் மேலே எழும். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பல வருடம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. பாட்டே அங்கே முடிகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் படம் பார்த்தபோது முதலில் ஏமாற்றம்தான். என் பாட்டுகளையெல்லாம் எடுத்துக் கார் ஜன்னலுக்கு வெளியே எறிந்திருந்தார்கள்! ஒரு பாட்டுகூட உருப்படியாக முழுசாக வரவில்லை. இரண்டாவது தடவைதான் புரிந்தது. இந்தப் படத்துக்கென்று தனியாகப் பின்னணி இசை கிடையாது. இருப்பதெல்லாம் பெரும்பாலும் கார் ரேடியோவில் ஓடும் பாட்டு. ஊரே ஒரே நிலையத்தைக் கேட்கிறது. ஒரு காரில் தொடங்கும் பாட்டு அடுத்த காரில் தொடர்கிறது. ஸ்டீவ் காதலியோடு சண்டை போடும்போது ஓடும் பாட்டுக்கு அவன் சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்கு ஓடுகிறது. நம் எல்லோர் வாழ்க்கையிலும் பாட்டு அப்படித்தானே வந்தது? அழும்போது யாரும் நமக்காக வயலின் வாசிக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதுவே அந்த அழுகையின் பாட்டாகிவிட்டது.

கேள்வி: பாட்டுகள் ஏன் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கின்றன? பிரதி பழுதா, என் காது பழுதா? எனக்கு 71 வயது.
(ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்)

பதில்: உங்கள் காது அருமையான காது சார். வேண்டுமென்றே செய்தது அது. ஒலியைக் கவனித்தவர் வால்டர் மர்ச். அவரும் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸும் படத்தின் பாட்டுகளை அறிவிப்பாளர் பேச்சோடு சேர்த்து ஒரு முழு வானொலி நிகழ்ச்சியாகவே தயாரித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வீட்டின் கொல்லைப்புறத்துக்குப் போனார்கள். ஒருவர் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு அப்படியும் இப்படியும் திருப்ப, இன்னொருவர் தூரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் போக்கில் திருப்ப, காற்றில் வந்ததைத் திரும்பப் பதிவு செய்தார்கள். ஒலி சுவரில் பட்டு வரும், திடீரென்று நேராக வரும், நழுவிப் போகும். இந்தப் பதிவையும் மூலப் பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காட்சிக்கு ஏற்றபடி கலந்தார்கள். காருக்குள் கேமரா இருந்தால் பாட்டு கணீரென்று கேட்கும். தெருவுக்கு வந்தால் நாலு காரிலிருந்து ஒரே பாட்டு, லேசாக முன்பின்னாக, கலங்கலாக.

கையில் பிடித்த ஸ்பீக்கரோடு இரண்டு வளர்ந்த மனிதர்கள் கொல்லையில் நின்று சுற்றிக்கொண்டிருப்பதை அக்கம்பக்கத்தார் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

கேள்வி: ஐம்பதுகளின் பாட்டு என்கிறார்கள், எல்விஸ் பிரெஸ்லி பாட்டு ஒன்றுகூட இல்லையே?
(இசைக்கருவிகள் பழுதுபார்ப்பவர்)

பதில்: காசு. படத்தின் மொத்தச் செலவே 8 லட்சம் டாலருக்குள். அதில் சுமார் 90 ஆயிரம் டாலர் பாட்டு உரிமைக்கே போயிற்று. எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரித் தொகை என்று பேசினார்கள், எல்விஸின் கம்பெனியான ஆர்சிஏ ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கென்னவோ நல்லதாயிற்று என்றுதான் தோன்றுகிறது. எல்விஸ் வந்தால் எல்லோரும் எல்விஸைத்தான் கேட்பார்கள், பையன்களைக் கவனிக்கமாட்டார்கள்.

கேள்வி: படம் வந்தது 1973. கதை நடப்பது 1962. பதினோரு வருடத்துக்கா இவ்வளவு ஏக்கம்? 2014-ஐ நினைத்து இன்று யாராவது உருகுவார்களா?
(பள்ளி ஆசிரியர்)

பதில்: நல்ல அடி. ஆனால் எந்தப் பதினோரு வருடம் என்று பாருங்கள். 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டார். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்க, அதுவரை ரேடியோவில் கோலோச்சிய குரல்களில் பாதி ஒரே வருடத்தில் பழசாகிப்போயின. அப்புறம் வியட்நாம். 1962-இல் பதினெட்டு வயதானவனுக்கு 1973-இல் இருபத்தொன்பதுதான், ஆனால் இடையில் ஒரு தலைமுறையே கடந்திருந்தது. லூகாஸ் 1944-இல் மொடெஸ்டோவில் பிறந்தவர். இந்த ராத்திரிகளை அவரே ஓட்டித் தீர்த்தவர். 1962 ஜூனில் பெரிய கார் விபத்தில் சிக்கிப் பிழைத்தவரும்கூட.

இன்னொன்று. நமக்குத்தான் அவை பழைய பாட்டு. படத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவற்றில் பல இன்றைய பாட்டு. 'சர்ஃபின் சஃபாரி' அந்தக் கோடையில் புதுசாக வந்து ஓடிக்கொண்டிருந்தது. சிறுமி கேரல் அதை ரசிக்கிறாள். அவளை வேறு வழியில்லாமல் ராத்திரி முழுக்கக் காரில் ஏற்றிக்கொண்டு அலையும் ஜான் மில்னர் பட்டென்று ரேடியோவை அணைக்கிறான். பாடகர் பட்டி ஹாலி செத்ததிலிருந்தே ராக் அண்ட் ரோல் சரிந்துகொண்டிருக்கிறது என்பது அவன் கட்சி. ஹாலி விமான விபத்தில் இறந்தது 1959 பிப்ரவரியில். மூன்றே முக்கால் வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இவனுக்கு 'அந்தக் காலம் போல வருமா' வந்துவிட்டது! ஏக்கத்துக்குப் பதினோரு வருடம் எதற்கு சார்?

கேள்வி: ரேடியோவில் ஊளையிடும் அந்த வுல்ஃப்மேன் ஜாக் நிஜ ஆளா, நடிகரா?
(ஆட்டோ ஓட்டுநர்)

பதில்: நிஜ ஆள். ராபர்ட் ஸ்மித் என்பது இயற்பெயர், 1938-இல் புரூக்ளினில் பிறந்தவர். அமெரிக்காவில் ஒரு மத்திய அலை நிலையம் 50 ஆயிரம் வாட்டுக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டால் மெக்சிக்கோவில் அந்தக் கட்டுப்பாடு அப்போது இல்லை. ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில் சியுதாத் அகுன்யாவில் அவர் பேசிய எக்ஸ்.இ.ஆர்.எஃப். நிலையம் இரண்டரை லட்சம் வாட் சக்தி கொண்டது. ராத்திரியில் மத்திய அலை வெகுதூரம் போகும். எந்த ஊரிலோ மொட்டைமாடியில் படுத்திருந்தவன் காதுக்குள் இந்த மனிதர் வந்து உறுமினார். முகம் யாருக்கும் தெரியாது. படத்திலும் பிள்ளைகள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், விமானத்தில் பறந்தபடி ஒலிபரப்புகிறார் என்றுகூட.

அவர் வருகிற ஒரே ஒரு காட்சியைச் சொல்லாமல் விடமுடியாது. வெள்ளைக் காரில் வந்து, கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து உதட்டை அசைத்து 'ஐ லவ் யூ' என்றுவிட்டு மறைந்துபோன பெண்ணை கர்ட் இரவு முழுக்கத் தேடுகிறான். அவளைப் பார்த்த நேரத்தில் ரேடியோவில் ஓடியது 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்'. பாடியவர் ஃபிராங்கி லைமன், பதிவின்போது அவருக்கு வயது 13. காதலைப் பற்றிக் கேட்கிற அந்தக் குரல் இன்னும் உடையாத குழந்தைக் குரல்! கடைசியில் கர்ட், அவளுக்காக ரேடியோவில் ஒரு செய்தி சொல்லவேண்டும் என்று ஊர் ஓரத்தில் இருக்கும் நிலையத்துக்கே போகிறான். உள்ளே தாடிக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்றுகொண்டிருக்கிறார். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய்விட்டதாம், எல்லாம் உருகுகிறதாம், நீயும் ஒன்று எடுத்துக்கொள் என்கிறார். வுல்ஃப்மேன் இங்கே இல்லை, நாடாதான் வரும், அவர் உலகம் சுற்றுகிறவர், நான்தான் இங்கே குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டு கிடக்கிறேன் என்கிறார். கர்ட் கிளம்புகிறான். வழியில் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அதே ஆள் மைக்குக்கு முன்னால் குனிந்து ஊளையிடுகிறார்.

கர்ட் திரும்பப் போய் எதுவும் கேட்பதில்லை. ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கர்ட்டாக நடித்த ரிச்சர்ட் ட்ரைஃபஸின் அந்தச் சிரிப்புக்காகவே படத்தை அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த பாட்டுக் காட்சி?
(புதுமணப்பெண்)

பதில்: வாழ்த்துகள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சண்டைக் காட்சிதான். பள்ளி ஆட்ட நிகழ்ச்சியில் ஸ்டீவையும் அவன் காதலி லாரியையும் நடுவில் இழுத்துவிட்டு, நீங்கள் ஆடித் தொடங்குங்கள் என்கிறார்கள். விளக்கு அவர்கள் மேல். ஓடுவது 'ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்'. நான் ஊரில் இல்லாதபோது நாம் வேறு ஆட்களோடும் பழகலாம் என்று அவன் அன்று மாலைதான் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள், அடிக்குரலில் சண்டை போடுகிறார்கள். சுற்றியிருப்பவர்களுக்கு என்னவொரு ஜோடிப் பொருத்தம்! அவள் அவன் தோளில் முகத்தை வைத்து அழுகிறாள். புகை கண்ணில் பட்டதென்று சாக்குச் சொல்லும் பாட்டு. 1933-இல் எழுதியது, பிளாட்டர்ஸ் குழு பாடியது 1958-இல். அந்த அழுகைக்கு இருபத்தைந்து வருடம் காத்திருந்ததுபோல் இருக்கும்.

கேள்வி: படத்தின் முடிவில் பையன்கள் நாலு பேர் என்ன ஆனார்கள் என்று எழுத்தில் காட்டுகிறார்கள். பெண்கள்?
(வங்கி ஊழியர்)

பதில்: உங்கள் கோபம் நியாயம். லாரி, நாலாவது பையன் டெரியோடு சுற்றும் டெபி, கேரல் யாருக்கும் ஒரு வரி இல்லை. விமர்சகர் பாலின் கேல் அப்போதே இதைக் கண்டித்தார். எனக்கு லாரியைவிடக் கேரல்தான் உறுத்தல். மற்ற எல்லோரையும்விட நன்றாகப் பாட்டுக் கேட்கத் தெரிந்த பிள்ளை அவள்தான்.

கேள்வி: கடைசியில் ஓடும் 'ஆல் சம்மர் லாங்' 1964-இல் வந்த பாட்டு. 1962 கதையில் அது எப்படி? இயக்குநர் தூங்கிவிட்டாரா?
(இசைத்தட்டுச் சேகரிப்பாளர்)

பதில்: சேகரிப்பாளர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையைப் பாருங்கள். விடியற்காலையில் பாரடைஸ் ரோட்டில் மில்னரின் கார்ப் பந்தயம், 'க்ரீன் ஆனியன்ஸ்' ஓடுகிறது. எதிராளியின் கார் உருண்டு எரிகிறது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன் என்று மில்னருக்குத் தெரியும், கூட இருக்கும் டெரி ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறான். பிறகு விமானம் கிளம்புகிறது, கீழே அந்த வெள்ளைக் கார் சாலையில் எறும்பு மாதிரி போகிறது. அப்புறம் வானம் மட்டும். அதன்மேல் எழுத்து: ஜான் மில்னர், 1964 டிசம்பரில் குடிபோதை ஓட்டுநர் ஒருவரால் கொல்லப்பட்டான். டெரி, 1965 டிசம்பரில் வியட்நாமில் அன் லாக் அருகே காணாமல் போனான். ஸ்டீவ், மொடெஸ்டோவில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கர்ட், கனடாவில் வசிக்கும் எழுத்தாளன்.

அதற்குமேல்தான் அந்தப் பாட்டு வருகிறது. 1964 கோடையின் பாட்டு, அதாவது மில்னரின் கடைசிக் கோடையில் ஊரெங்கும் ஓடியிருக்கக்கூடிய பாட்டு. பாடுவது யார்? பீச் பாய்ஸ். அவன் பட்டென்று ரேடியோவை அணைத்தானே, அதே குழு.

என் கேஸட்டில் இல்லாமல் போன பாட்டுகளில் இதுவும் ஒன்று. முதல்முறை படம் பார்த்தபோதுதான் கேட்டேன். துள்ளலான, சந்தோஷமான பாட்டு. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, அது முடியும் வரை நின்றபடியே கேட்டேன். அணைக்க அவன் இல்லை.