ஒரு சாண் தண்ணீர்

கேள்வி: வேல்ஸில் வசிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, கென்ஃபிக் கடற்கரை மணல்மேடுகளுக்கு அழைத்துப் போனாள். மேடுகளுக்கு இடையிலுள்ள ஈரப் பள்ளங்களில் அரிய ஆர்க்கிட் ஒன்று வளர்வதாகவும், நிலத்தடி நீர்மட்டம் மாறினால் அது அழிந்துவிடும் என்றும் சொன்னார்கள். மழைக்குக் குறைவில்லாத ஊரில் ஒரு சாண் நீர் ஏறி இறங்குவதால் என்ன ஆகிவிடும்?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: தனுஷ்கோடியில் கடலுக்கு மிக அருகே மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரை மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதே அதற்குக் காரணம். கென்ஃபிக் பள்ளங்களும் மணலில் தங்கும் மழைநீரை நம்பியவைதான். காற்று உலர்ந்த மணலை வாரிக்கொண்டே போய், ஈர மணலைத் தொட்டதும் மேற்கொண்டு அள்ள முடியாமல் நின்றுவிடுகிறது; அந்த இடமே பள்ளத்தின் தரையாகிறது. குளிர்காலத்தில் அங்கே நீர் தேங்கும். கோடையில் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

நீங்கள் கேள்விப்பட்டது லிப்பாரிஸ் லோசெலி என்னும் ஆர்க்கிட். பெரும்பாலும் ஒரு சாண் உயரம்கூட வராத அந்தச் செடிக்கு ஒரு சாண் நீர் பெரிய கணக்கு. நீர் குறைந்தால் வறட்சி மட்டும் வருவதில்லை. கீழிருந்து ஏறிவரும் நீர் கிளிஞ்சல் மணலின் சுண்ணாம்பை வேருக்குக் கொண்டுவருகிறது. அந்த வரத்து நின்றால், மேலிருந்து பெய்யும் மழை சுண்ணாம்பைக் கழுவிக் கொண்டுபோக, மண் மெல்லப் புளித்து அமிலத்தன்மை அடைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பையே நான் பெரிதாக நினைக்கிறேன். பிறகு புல்லும் குட்டை வில்லோ புதரும் அடர்ந்து வெயிலை மறைத்துவிடும். மாறாக, கோடையிலும் நீர் வடியாமல் நின்றால் வேருக்குக் காற்றில்லாமல் செடி அழுகும்.

நெதர்லாந்தில் நடந்ததை நினைத்தால் மனம் வருந்துகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் குடிநீருக்காக 1853 முதல் மணல்மேடுகளிலிருந்து நீர் எடுக்கப்பட்டது, பள்ளங்கள் காய்ந்தன. ஈடுசெய்ய 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து மணலுக்குள் இறக்கினார்கள். மட்டம் உயர்ந்தது உண்மை. ஆனால் அந்த நீரோடு வந்த பாஸ்பேட் போன்ற உரச்சத்தில் முரட்டுச் செடிகள் கொழுத்து, ஏழை மண்ணுக்கே பழகிய அரிய செடிகளை நெருக்கிவிட்டன.

கென்ஃபிக்கில் மேல்மண்ணைச் சுரண்டியெடுத்து, ஈர மணலை மறுபடி வெளியே கொண்டுவரும் வேலை நடந்திருக்கிறது. மகளிடம் மீண்டும் போகும்போது ஜூன், ஜூலை மாதங்களில் போய்ப் பாருங்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த அந்தச் சிறு பூக்கள் அப்போதுதான் மலரும். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள்.