புது மென்பொருள் இருக்க, எக்செல் எதற்கு?

கேள்வி: அலுவலகத்தில் புது மென்பொருள் வந்து ஒரு வருடமாகிறது. இன்னும் எல்லோரும் எக்செல்லில்தான் வேலை பார்க்கிறார்கள். மாலையில் அதை மென்பொருளில் ஏற்றுகிறார்கள். சோம்பேறித்தனமா, பிடிவாதமா?

பதில்: சோம்பேறி யாராவது ஒரே வேலையை இரண்டு தடவை செய்வாரா? நான் கணக்குப் பிரிவில் இருப்பவள். என்னிடமும் அப்படி ஒரு ஷீட் உண்டு. எங்கள் மென்பொருளுக்கு ஒரு பில் 'நிலுவை', இல்லையென்றால் 'முடிந்தது'. 'பாதிப் பணம் வந்துவிட்டது, மீதிக்குச் சண்டை நடக்கிறது' என்பதை எங்கே எழுதுவது? என் ஷீட்டில்தான்.

கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இன்னொரு கூத்து. ஃபேக்ஸ் எண் கேட்கும். ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். காரணம் கேட்டால் 'மற்றவை'. அப்புறம் அதிலிருந்தே மேலாளர் வண்ண வண்ணமாக வரைபடம் எடுப்பார், அது தனிக்கதை.

அதற்காக எக்செல்லே போதும் என்று சொல்ல மாட்டேன். 2020-இல் இங்கிலாந்தில், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியதால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போயின.

முதலில் அவர்கள் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மென்பொருளில் இல்லாத தலைப்புகள் எவை என்று குறித்து, அவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். தடை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஷீட் வேறு பெயரில் பென் டிரைவுக்குப் போய்விடும்.